கதவுக்கு எதிரே நிற்பவர்

ரந்தாவ் பிராபாட்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணன் பாருலியானுக்கு, உன் தங்கை ரோஸ்மிடா, நம் வழக்கப்படி "ஹோராஸ்" என்று வாழ்த்துச் சொல்லி எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று அண்ணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் பெயரைப் பார்த்தாலே நீதான் போனை எடுப்பதில்லையே! அதனால் உங்கள் ஆலைக்குப் பனம்பழம் ஏற்றிவரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் மருமகள் நௌலிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "மாமா வந்தா வாயே தொறக்க மாட்டேன், பொக்கைவாய்னு கூப்பிடுவாரு" என்கிறாள். நம் பன்றி குட்டி போட்டிருக்கிறது. கொழுத்த ஒன்றைக் கிறிஸ்துமஸுக்கு உனக்கென்று விட்டு வைத்திருக்கிறேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அது உனக்குத்தான். பெண் கொடுத்த வீட்டுக்குப் பன்றி, பெண் எடுத்த வீட்டுக்கு மீன். நீயும் நானும் பேசவில்லை என்பதற்காக அந்த முறை மாறிவிடுமா?

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை அண்ணா. பழம் குவிகிற காலத்தில், பழம் வேகவைக்கிற கலன் ஆய்வாளர் கையெழுத்து இல்லாமல் நிற்கிறது. வாசலிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் லாரி நிற்கிறது, பழம் அழுகுகிறது, தோட்டக்காரர்கள் உன்னைத்தான் திட்டுகிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து முதலாளி வேறு தினமும் கூப்பிட்டு, ஆலையை ஓட்ட முடியாவிட்டால் மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்திரு என்கிறாராம். உன் இடத்தில் நான் இருந்தால் நானும் கத்தித்தான் இருப்பேன்.

ஆனாலும் பெரியப்பா வீட்டு விருந்தில் நீ செய்தது சரியில்லை. நம் வீட்டில் பெண் எடுத்தவர் என்பதால் என் வீட்டுக்காரர் சோற்றுப் பானையோடு நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து, பெரியவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "என்ன மாப்பிள, பொண்ணு குடுத்த வீட்டுப் பேச்ச நீ தட்டுவியா? இங்கயே சொல்லு, என் கலனுக்குக் கையெழுத்துப் போடுவியா மாட்டியா?" என்று கேட்டாய். அந்த இடத்தில் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று தெரிந்துதானே கேட்டாய்?

அவர் பானையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "சோறு போடச் சொல்லுங்க மச்சான், பன்னி அறுக்கச் சொல்லுங்க, விறகு பிளக்கச் சொல்லுங்க, செய்யறேன். அந்தக் கலன் கதவுக்கு மட்டும் என் கையெழுத்தக் கேக்காதீங்க" என்றார். பெரியப்பா கடித்துக்கொண்டிருந்த எலும்பை இலையில் வைத்துவிட்டார். நீ கைகூடக் கழுவாமல் எழுந்து போனாய். இவர் விருந்து முடிகிறவரை எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

பழம் வேகிற அந்தக் கலனுக்குள் அவர் தவழ்ந்து தவழ்ந்துதான் பார்த்தார். கதவு வளையம் பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தாராம். வெள்ளையில் விரிசல் ஒரு சிவப்புக் கோடாக எழுந்து நின்றதாம். நீ எட்டிப் பார்த்து, "முடி மாதிரி இருக்கு, இதுக்கா ஆலைய நிறுத்தறது?" என்றாயாம். "இப்ப முடிதான் மச்சான். உள்ள நீராவி ஏறினா வாயப் பொளக்கும்" என்றாராம் இவர். வளையத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவதாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்.

அந்த ஆய்வாளர் சான்றிதழ் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது உனக்குத் தெரியாதா? வேதப்புத்தகத்தைவிடத் தடிமனான விதிப்புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் படித்தார். முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவையும் தோற்றபோது, மேடானிலிருந்து வீட்டுக்கு வர வெட்கப்பட்டு பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தவரை நீதானே போய் அழைத்துவந்தாய்? மூன்றாம் தடவை தேறியதும், மஞ்சள் போட்டுச் சமைத்த கெண்டையைத் தலையும் வாலும் குறையாமல் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாய். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சால்வை போர்த்தி, "இந்தக் கை போடற கையெழுத்துக்கு எப்பவும் பழுது வரக்கூடாது" என்று ஆசீர்வதித்தாய். ஞாபகம் இருக்கிறதா அண்ணா? அவருக்கு இருக்கிறது.

இந்த வருடம் அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை ஆயிற்று, மேடானில் வகுப்பும் முடித்துவிட்டார். இனி, அவர் வேலை பார்த்த ஆலைகள் அதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். உன் ஆலைதான் அதில் பெரியது. கையெழுத்து இல்லையென்றால் அத்தாட்சியும் இல்லை என்று உன் கணக்கரிடம் சொல்லியனுப்பியிருக்கிறாய். அது இல்லாவிட்டால் சான்றிதழ் போகும். தலை நரைத்தபின் மறுபடி முதல் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைங்களேன்!" என்று நானும்தான் கத்தினேன். "சான்றிதழ் போனா திரும்பப் பரீட்சை எழுதலாம் ரோஸ். கதவு போனா?" என்று கேட்டுவிட்டுப் பன்றிக்கொட்டிலைக் கழுவப் போய்விட்டார்.

நேற்று அண்ணி போனில் அழுதாள். வெளியூரிலிருந்து ஓர் ஆய்வாளரைக் கூட்டிவந்தாயாம். அவர் விருந்தினர் விடுதியில் வாத்துக்கறி தின்றுவிட்டு, கலனுக்குள் தலையைக்கூட நுழைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம். திங்கட்கிழமை காலையில் நீராவி ஏற்றப் போகிறீர்களாம்.

இதை இவரிடம் சொன்னேன். வைவார் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தன் நீல வேலைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தார். "அங்கதான் உங்களுக்கு வேலை இல்லைன்னு ஆயிடுச்சே, எங்க கிளம்பறீங்க?" என்றேன். "மச்சான் ஆலையில நீராவி ஏத்தறாங்க. பொண்ணு எடுத்தவன் போய் நிக்க வேண்டாமா?" என்றார். எங்கே நிற்பீர்கள் என்று கேட்டேன். "கதவுக்கு எதிர்ல. அங்க நிக்கிறவங்களுக்கு விரிசலப் பத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் நின்னா மச்சான் ஏத்த மாட்டார்" என்றார்.

ஏற்றிவிட்டால் என்று கேட்டேன். "எனக்கு மீன் குடுத்த கை அது. ஏத்தாது" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மடித்து வைத்தார்.

காலில் விழுந்தும் பார்த்தேன் அண்ணா, அவர் கேட்கவில்லை. அவருக்கு உன்மேல் இருக்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தாலாட்டிய அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. எனக்கென்று இருக்கிற பிறந்த வீடு நீ ஒருவன்தான். புருஷனை இழந்தவள் தலையில் துக்கச் சால்வையைப் போட அவள் பிறந்த வீட்டு ஆண்தான் வர வேண்டும். வேறு யாரும் போட நம் முறையில் இடமில்லை. எனக்கு அதைப் போடவேண்டியவன் நீ. திங்கட்கிழமை அந்த நீராவி வால்வைத் திறக்கச் சொல்லப் போகிறவனும் நீ.

அத்தாட்சி வேண்டாம் அண்ணா. சான்றிதழ் போனால் போகட்டும், பன்றி வளர்த்துப் பிழைத்துக்கொள்வோம். கலனைத் திறந்து போடு. போட்டுவிட்டு ஒரு கெண்டை மீன் வாங்கிக்கொண்டு வா. கர்த்தர் உன் கையைக் காக்கட்டும். நான் உலையில் அரிசி போட்டு வைத்திருப்பேன்.

வரும்போது சால்வை எதுவும் கொண்டுவராதே.

உன் கையால் மீன் வாங்கித் தின்னக் காத்திருக்கும்,
தங்கை ரோஸ்மிடா