சீராகப் போனால் மட்டும் துடிக்கும் டாக்ஸி

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஏரிப்பக்கம் காற்று. ஷெட்டில் மறுபடியும் ரஹீம் பாயின் டாக்ஸி, மூன்றாவது தடவை. ஓட்டுவது என் மனைவி செல்வியின் அண்ணன், முனுசாமி மச்சான். திருப்பாலைவனம் ரோட்டில் துடிக்கிறதாம், சில சமயம் அணைந்தே போகிறதாம். இங்கே நிறுத்தி வைத்தால் ஒரு குறையும் இல்லை.

பார்த்தவை: பிளக், துடைத்தேன். கண்டன்ஸர், மாற்றினேன். காயில், சூடில்லை. பாயின்ட், போன மாதம் ஆயுத பூஜைக்கு நானே போட்டது. கார்புரேட்டர், இரண்டு தரம் கழற்றியாச்சு. தலைவலி.

ரஹீம் பாய் குடையோடு வந்து நின்றார். "இன்னாப்பா, பெட்ரோல்ல எதுனா கலப்பா?"

"இருக்கும் பாய். மண்ணெண்ண வாசன அடிக்குது."

வாசனை ஒன்றும் வரவில்லை. ஏதாவது சொல்லி அவரை அனுப்ப வேண்டியிருந்தது, சொன்னேன்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை விட்டது. பாய் மச்சானிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். மச்சான் பெட்ரோலை வெளியே விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார் என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளிக்கிழமை மீஞ்சூரிலிருந்து வேறு டிரைவர் வருகிறானாம். டீக்கடையில் ஒருவன், "இத்தினி நாளா நல்லவன் மாரி இருந்தான் பாரு" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

செல்வி சோறு போட்டாள். மோர் ஊற்றும்போதுதான் கேட்டாள். "எங்கண்ணன் அந்த மாதிரி ஆளா? நீ சொல்லு."

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்போ?"

எழுந்துவிட்டேன். கை கழுவினேனா என்று நினைவில்லை.

ஐப்பசி 11, புதன்

வெயில். உட்கார முடியவில்லை. பாயிடம் சாவி வாங்கி, நானே வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பாலைவனம் வரை போனேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

மணலில் அழுத்தி மிதித்தால் ஜோர். சும்மா நின்று ஓடினாலும் ஜோர். காலை ஒரே அளவில் வைத்துச் சீராகப் போனால் மட்டும் துடிப்பு. கலப்படமென்றால் அழுத்தும்போதல்லவா திணற வேண்டும்?

ஷெட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், தீப்பொறி எழுப்பும் பாயின்டைத் தாங்கும் ஒரு தட்டு உண்டு. சீரான ஓட்டத்தில் கார்புரேட்டரிலிருந்து வரும் சிறு குழாய் காற்றை உறிஞ்சி அதைக் கொஞ்சம் திருப்பும், தீப்பொறி முன்னதாக விழும். எஞ்சினை ஓடவிட்டு, குழாயைப் பிடுங்கி என் வாயில் வைத்து உறிஞ்சினேன். அணைந்தது. மறுபடி கிளப்பி உறிஞ்சினேன். மறுபடி அணைந்தது.

மூடியைத் திறந்தேன். பாயின்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். மேல்தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அதை இழுத்துக் கட்டியிருப்பது நீல நைலான் நூல். வலை முடிச்சு.

என் முடிச்சு. இந்த ஊரில் வேறு எந்த மெக்கானிக் வலை நூலில் ஒயர் கட்டுகிறான்? பூஜைக்கு வண்டி லட்சணமாக இருக்க வேண்டும், ஒரு ஒயரும் தொங்கக் கூடாது என்று எல்லாவற்றையும் விறைப்பாகக் கட்டினேன். எங்கள் குப்பத்தில் படகில் ஒரு கயிறு தொங்கினாலும் நைனா ஏசுவார், அந்தக் கை. தட்டு திரும்ப ஒயருக்குத் தளர்வே விடவில்லை. திரும்பத் திரும்ப இழுபட்டு அறுந்துவிட்டது.

புது ஒயர், தளர்வாக. முடிச்சை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "சரி பண்ணிட்டேன் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? மச்சானுக்கு வேலை போனது போனதுதான். இதை நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை. செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசி 12, வியாழன்

மேகம். பள்ளிவாசலிலிருந்து பாய் வரும் வழியில் நின்று, முடிச்சையும் வண்டிச் சாவியையும் அவர் கையில் வைத்துச் சொன்னேன். முடிச்சைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ வாசன?"

"வரல பாய். பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். சாவியைத் திருப்பி நீட்டினார். "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? அவன்கிட்ட போய் சொல்லு. டீக்கடைல வச்சி சொல்லு."

வண்டியை டீக்கடை முன்னால் நிறுத்தினேன். பெஞ்சில் மச்சான், சுற்றி ஏழெட்டுப் பேர். சொன்னேன். ஒயர், முடிச்சு, வாசனைப் பொய், எல்லாம். மச்சான் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாஸை வைத்தார், சாவியை வாங்கினார், வண்டியின் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்தார்.

"வா மாப்ள. மோந்து பாரு."

குனிந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா வாசன?"

"பெட்ரோல், மச்சான்."

"சத்தமா சொல்லு. அங்க இருக்கறவனுக்குக் கேக்கல."

சொன்னேன்.