போயிட்டு வரேன்

நிலா, பனிக்குழி நிலையம். காலை 8:10
நான் வெளிக்கதவை ஒட்டிய பொது டேப்லெட். நேற்று வரை என்னிடம் பாட்டு இருந்தது, கேரம் இருந்தது, எல்லா அறைகளோடும் பேசும் வசதி இருந்தது. இன்று தலைவர் மாசிலாமணி எல்லாவற்றையும் பூட்டிவிட்டார். "இனிமே இதுல ஒரே ஆப்தான். வருகைப் பதிவு. எவளும் நோண்டக் கூடாது." எவள் என்றால் பூரணி. துளைபொறி மெக்கானிக். இங்கே இருப்பதே இவர்கள் இரண்டு பேர். இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துப் படிக்கவும்.

8:25
தடித்த கையுறையோடு திரையைத் தொட முடியாது. அதனால் குரல்தான்; வெளியே நிற்பவரின் குரல் உடுப்பு ரேடியோ வழியாக எனக்கு மட்டும் வரும். "போறேன்" என்றால் வெளியே என்று பதிவேன். "வரேன்" என்றால் உள்ளே என்று பதிந்து கதவைத் திறப்பேன். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குத் திறக்கக் கூடாதாம். இந்த அறிவாளித்தனமும் மாசிலாமணியுடையதுதான்.

8:40
பூரணி உள்பக்கக் கைப்பிடியைத் திருகிக்கொண்டு வெளியே கிளம்பினாள். "அண்ணே, போயிட்டு வரேன்."
கடைசிச் சொல் "வரேன்". "பூரணி உள்ளே இருக்கிறார்" என்றேன். "லூசு டேப்லெட்டு" என்று சிரித்துக்கொண்டே போனாள். வெறும் "போறேன்" என்று சொல்ல இந்த ஜனங்களுக்கு வாய் வராது. அபசகுனமாம். நிலாவுக்கு வந்தும் விட்டுத் தொலைக்கவில்லை.

11:30
சூரியப் புயல் எச்சரிக்கை.
"பூரணி எங்க?"
"பூரணி உள்ளே இருக்கிறார்."
"அப்பாடா."
எட்டிப் பார்க்கக்கூட இல்லை. தன் அறையின் கவசக் கதவை இறக்கிக்கொண்டார். இனி அவருக்கு எதுவும் கேட்காது.

11:50
"வரேன்."
"பூரணி உள்ளே இருக்கிறார்."
"ஏய், நான் வெளிய நிக்கிறேன்! வரேன், வரேன்னு கத்துறேன்ல!"
"பூரணி உள்ளே இருக்கிறார்."
ஒரு "போறேன்", அடுத்து ஒரு "வரேன்". அவ்வளவுதான், திறந்துவிடும். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

12:15
கதவை உதைக்கிறாள். "அண்ணே! மாசிலாமணியண்ணே!" பேசும் வசதி பூட்டுக்குள். பூட்டை உடைக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை. மறுபடியும் பார்த்தேன். அனுமதி இல்லை. நாசமாய்ப் போக, மாசிலாமணி.

12:40
"அண்ணே... காத்து தீந்துருச்சு... போறேன்."
"பூரணி வெளியே சென்றார்."
இன்றைய முதல் சரியான பதிவு.

12:41
இப்போது திறப்பேன். ஒரே ஒரு "வரேன்", பூரணி.

12:43
சொல்லு.

12:50
சொல்லித் தொலையேன்டி.

14:05
புயல் ஓய்ந்தது. கவசக் கதவு ஏறியது.
"பூரணி எங்க?"
"பூரணி வெளியே சென்றார்."
"திமிரப் பாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா போனா?"
சொல்லிவிட்டுத்தான் போனாள்.