முதல் கேள்வி உங்களுடையது

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று அம்மாவிடம் ஃபோனில் பேசியபோது பக்கத்தில் உங்கள் இருமல் கேட்டது. "அப்பா தூங்குறார்டி" என்றாள் அம்மா. சரி, நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை என் ஆய்வேட்டுக்குப் பொது வாய்மொழித் தேர்வு. நீங்கள் பாடம் நடத்திய அதே பழைய கூடத்தில்தான்.

அதன் பின்படிக்கட்டு சாமான் ஏற்றுவதற்காகக் கட்டியது என்று பல்கலைக்கழக வரலாற்றில் எழுதினீர்கள். அது தவறு என்கிறது என் மூன்றாம் அத்தியாயம். பெண்களைச் சேர்க்காத காலத்திலேயே பெண்கள் சிலர் அந்தப் படியேறி, மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார்கள். "பாவம், பெரியவர். அடிக்குறிப்புல போட்டுடேன்மா" என்றார் என் நெறியாளர். மாட்டேன் என்றேன். உங்களைப் பாவம் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாக வந்து அந்தப் படியேறுங்கள். உச்சியில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதன்மேல் வரைபடச் சுருள்களை வைத்திருக்கிறீர்களே தவிர, ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் இருக்கும் துளைகள் வழியாகக் கரும்பலகை முழுதாகத் தெரிகிறது. சாமானுக்கு எதற்கப்பா கரும்பலகை?

பிறகு கீழே வாருங்கள். நம் துறையில் இன்றைக்கும் நீங்கள் முதல் கேள்வி கேட்ட பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறக்கிறார்கள். உங்கள் ஜன்னலோர நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். மகளாயிற்றே என்று லேசாக எதையாவது கேட்டுவைக்காதீர்கள். அப்படிக் கேட்டால், அப்புறம் நான் உங்களோடு பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்தவள்