அத்தான் வண்டியின் கிணுகிணுப்பு

அத்தான்,

உங்கள் வண்டியை வாங்க வந்தவர் இன்று காலை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேங்கைத் தட்டினார், டயரை உதைத்தார், கடைசியில் குனிந்து காதை வைத்து, "சத்தம் எதுனா வருமா தம்பி?" என்று கேட்டார். அதுவும் என்னிடம்! பெட்ரோல் வாசனையோடு பழைய எரிச்சலும் மூக்கில் ஏறியது. நீங்கள் மஞ்சள்காமாலையில் போய் மூன்று மாதம் ஆகிறது. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். யோசித்ததில் இரண்டுதான் தேறியது. பாட்டுக் குரல் நன்றாக இருக்கும், கையெழுத்தும் அப்படியே. மிச்சத்தை உள்ளபடி எழுதுகிறேன்.

பி.யூ.சி. படிக்கத் திண்டுக்கல்லிலிருந்து தாம்பரத்துக்கு, அக்கா வீடு என்று நம்பி வந்தவன் நான். வந்த மாதமே உங்கள் சைக்கிள் மணிக்குள் புளியங்கொட்டை போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தீர்களே, அதை நான் விரலால்கூடத் தொடவில்லை.

வாங்கிய நான்காம் நாள் சத்தம் ஆரம்பித்தது. நின்றால் வராது, மெதுவாகப் போனாலும் வராது. செங்கல்பட்டில் உங்கள் ஆபீசுக்குப் போகும் வழியில், பெருங்களத்தூர் தாண்டி வேகம் பிடித்தால் மட்டும் கிண்கிண் என்று பூசை மணி மாதிரி அடிக்கும். ரயில்வே கேட் பக்கத்து மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முறுக்கிப் பார்த்தார்.

"வண்டி சும்மா கும்முனு கீது சார். வூட்ல வெளாட்டுப் பசங்க யார்னா கீறாங்களா?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். வண்டியில் அவர் கண்டுபிடிக்காததை என் முகத்தில் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"என்னடா போட்ட உள்ள?"

"நான் இல்ல அத்தான்."

"உன்ன விட்டா இந்த வீட்ல வேற எந்தக் குரங்குடா இருக்கு?"

"எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன் அத்தான்."

அந்த வாய்க்குத்தான் கெடு விழுந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். உன் வேலைன்னு தெரிஞ்சுது, திங்கக்கிழமை ஊருக்கு ரயிலேத்திடுவேன். படிப்பும் வேணாம், மண்ணும் வேணாம்."

அக்காவின் பழைய புடவை ஒன்றைக் கிழித்தேன். ஒரு தடவைக்கு ஓர் இடமாகக் கட்டினேன். மட்கார்டு, செயின் கவர், நம்பர் பலகை. ஒவ்வொன்றையும் கட்டியதும் உங்கள் பின்னால் உட்கார்ந்து பெருங்களத்தூர் தாண்டி ஓர் ஓட்டம். சத்தம் நிற்கவில்லை என்றால் உங்கள் முழங்கையால் என் விலாவில் ஓர் இடி. வெள்ளிக்கிழமை வாக்கில் வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தது போல நின்றது. கட்டு போட வேண்டிய என் விலா மட்டும் சும்மா கிடந்தது. சனிக்கிழமை முடிந்தபோது நான் கை வைக்காமல் மிச்சமிருந்தது முகப்பு விளக்கு ஒன்றுதான்.

ஞாயிறு. நீங்கள் புராட்டஸ்டண்ட், நாங்கள் கத்தோலிக்கர். நானும் அக்காவும் முதல் பூசை கண்டு திரும்பிய பிறகு நீங்கள் உங்கள் ஆராதனைக்கு நடந்தே போனீர்கள். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்து விளக்கின் கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தேன். அக்கா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"அதத் தொடாதடா!"

அதற்குள் உள்ளேயிருந்து என் உள்ளங்கையில் விழுந்துவிட்டது. அந்தோணியார் பதக்கம், நாலணா அளவு.

"சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்கினேன்டா. லாரி ஓடுற ரோட்ல தினம் போய்ட்டு வராரு. எனக்குப் பயமா இருக்காதா? வெளிய கட்டினா விடுவாரா?"

விடமாட்டீர்கள். கல்யாணமான அடுத்த வாரமே அக்காவின் மாதா படத்தைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். "இன்னொரு தடவ சிலை, சுரூபம்னு எதையாவது பார்த்தேன், அதோட நீயும் உங்க அம்மா வீட்டுக்குப் போ" என்றும் சொல்லியிருந்தீர்கள். சொன்னால் செய்கிறவர் வேறு.

பதக்கம் அக்காவின் முந்தானை முடிச்சுக்குள் போகவும் நீங்கள் வாசலில் நுழையவும் சரியாக இருந்தது.

"என்ன இருந்துச்சு உள்ள?"

"பழைய நட்டு அத்தான். கழண்டு விழுந்திருக்கு."

"எங்க, காட்டு."

"தூக்கிப் போட்டுட்டேன்."

உங்கள் பார்வை என்னை விட்டு அக்காவிடம் போயிற்று. "நீ ஏன்டி நடுங்குற? முந்தானைய ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

ஓரடி அவள் பக்கம் எடுத்து வைத்தீர்கள். என் வாழ்க்கையில் நான் வேகமாக யோசித்தது அப்போதுதான்.

"நான்தான் போட்டேன் அத்தான். அக்காவுக்கே இப்பதான் தெரியும்."

அறை பலமாகத்தான் விழுந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். அறைவதற்கு முன் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒரு சந்தோஷம், அதை மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தோணியாரை அக்காவிடம் வாங்கி, சைக்கிள் டியூப் துண்டில் இறுகச் சுற்றி, விளக்குக்குள் இருந்த இடத்திலேயே அசையாமல் வைத்து மூடினேன். பிறகு எழும்பூரில் என்னை ரயிலேற்றினீர்கள். எனக்குப் படிப்பில் ஒரு வருஷம் போயிற்று. நீங்களோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல், "அவன் போனான், சத்தமும் போச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்களாம். இரண்டு வருஷம் அந்தோணியாரை முன்னால் வைத்துக்கொண்டுதான் செங்கல்பட்டு போய் வந்தீர்கள் அத்தான். நான் செய்த குறும்புகளிலேயே பெரியது அதுதான். அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லி, அந்த முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் போய்விட்டீர்கள். அதிலும் முந்திக்கொண்டீர்கள்.

நான் சொன்ன பொய்யை நம்பினீர்கள், உண்மையை நம்பவில்லை. இன்றைக்கும் வகுப்பில் மின்விசிறி கடகடத்தால், பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டால், யாரும் கேட்பதற்கு முன்னே என் வாய் சொல்லிவிடுகிறது:

"நான் இல்ல."