தூங்கவிடக் கூடாத மெஷின்

மல்லசமுத்திரம்,
ஐப்பசி 17, திங்கட்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சித்தார்த்துக்கு, உன் மாமன் சென்னியப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், கிணற்று மோட்டாரும், வாசல் வேப்பமரமும் சௌக்கியம். அங்கே நீயும் உன் ஜெர்மனிக் குளிரும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறாய். கிணற்றில் தண்ணீர் ஏறியதற்குக் கட்டைவிரல். எருமை கன்று போட்டதற்குக் கட்டைவிரல். எனக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றதற்கும் அதே கட்டைவிரல். காகிதத்துக்கு யாரும் கட்டைவிரல் காட்ட முடியாது. அதனால்தான் கோடு போட்ட நோட்டும் பேனாவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஆப்பிள் கம்ப்யூட்டர் தயார். கடையில் வாங்கியது இல்லை சாமி, உன் மாமன் செய்தது.

உன் அத்தை ராஜம்மாள் காரியத்துக்கு நீ வீடியோவில் வந்தாய். டவர் சரியில்லாமல், வாய் பாதி திறந்தபடி உன் முகம் அப்படியே நின்றுபோனது. அதைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத் துக்கத்தில் பேச்சு அடைத்துவிட்டது என்றுதான் பந்தலில் சொன்னேன். எல்லோரும் கண் கலங்கினார்கள். டவர் திரும்பி வந்ததும் நீ சொன்னாய்: "ஒரு மாசம் வந்து உங்ககூடத் தங்கோணும்னு எனக்கும் ஆசைதானுங்க மாமா. என்ற வேலை ஆப்பிள் மெஷின்ல மட்டும்தான் நடக்குமுங்க. ஆபீஸ் மெஷினை நாடு தாண்டிக் கொண்டுவர உடமாட்டாங்க. நம்மூட்டுல ஒரு ஆப்பிள் மெஷின் இருந்தா நாளைக்கே கெளம்பி வந்துருவேன்." சொன்ன நீ மறந்திருப்பாய். கேட்ட நான் மறக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த ஒரு பேச்சைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வைகாசியில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்கு நெஞ்சுப் படம் எடுக்கப் போயிருந்தேன். சும்மா ஒரு செக்கப். படத்தைப் பார்த்து டாக்டரே அசந்துபோனார், அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு நெஞ்சா என்று. ரிப்போர்ட் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். கீழே ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. நடத்துவது நாஸியா என்ற அம்மா. நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். நெற்றியைக் காட்டினேன். அப்படித்தான் பழக்கமானோம்.

என் தேவையைச் சொன்னேன். "மாமா, ஆப்பிள்காரன் அவன் சிஸ்டத்தை அவன் பொட்டியில மட்டும்தான் ஓட விடுவான். வேற பொட்டியில ஏத்தறது கம்பெனி ஒத்துக்காத வேலை. ஏறினாலும் ஒண்ணு ஓடினா இன்னொண்ணு ஓடாது" என்றாள். நான் விடுவேனா? "ஏம்மா, இருபது வருஷம் ரிக் வண்டியில கெடந்தவன் நானு. வண்டி ஒரு கம்பெனி, கம்ப்ரஸர் ஒரு கம்பெனி. இஞ்சின் எங்கிருந்து வந்துதுன்னு அந்த இஞ்சினுக்கே தெரியாது. அதை வெச்சு ஆயிரத்தி ஐந்நூறு அடி போர் போட்டிருக்கறோம். இதென்ன பெரிய இதா?" என்றேன். எண்ணூறு அடிதான். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து ஐந்து மாசம், வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப் போனேன். ஒரு பழைய ஆபீஸ் பெட்டி, அதற்கு ஒத்துப்போகிற படம் காட்டும் கார்டு, வைஃபை கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். சேர்த்தோம் என்பது மரியாதைக்கு. முக்கால்வாசி நான்தான். ஸ்குரூ எல்லாம் நான் முடுக்கியது. அவள் பக்கத்தில் இருந்து எந்த ஸ்குரூ என்று சொன்னாள்.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷின் கண் விழிக்கும்போதே ஒரு குட்டிப் புரோகிராம் ஓடிப்போய், "இது ஆப்பிள் பெட்டிதான், சந்தேகமே வேண்டாம்" என்று உள்ளே சொல்லிவிடும். சிஸ்டமும் நம்பிக்கொண்டு ஓடும். இதை நாஸியா எனக்கு அரை மணி நேரம் விளக்கினாள். எனக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலைதானே அது!

அப்புறம் மெஷினுக்கு ஒரு சீரியல் நம்பர் வேண்டும். உலகத்தில் வேறு யாருக்கும் சொந்தமில்லாத நம்பராக இருக்க வேண்டுமாம். அவள் ஒன்றை எடுத்து, யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, "இது யாருக்கும் இல்லாத நம்பர் மாமா, நமக்கு ஆகும்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஏனோ அந்த நம்பர் ஞாபகமாகவே இருந்தது.

படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தத்துக்கு ஒரு நம்பர் போட வேண்டும், எது சேரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க முடியும் என்றாள். ஒன்றில் தொடங்கிப் பதினேழு வரைக்கும் போட்டுக் களைத்துவிட்டாள். "இருபத்தெட்டு போடு கண்ணு. நான் மொதமொதல்ல ஓட்டுன வண்டி நாமக்கல் ரிஜிஸ்ட்ரேசன், டி.என். இருபத்தெட்டு. இருபத்தெட்டு நம்மளக் கைவிடாது" என்றேன். போட்டாள். டங் என்று ஒரு சத்தம், கோயில் மணி மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன், இது ஒன்றில் மட்டும் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

போன மாசம் வீட்டுக்குக் கொண்டுவந்து, நீ படித்த அறையில், நீ எழுதிய அதே மேசையில் வைத்திருக்கிறேன். அக்கா உன்னை எங்களிடம் படிக்க விட்ட ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் நீ காம்பஸ் முனையில் கீறிய பெயரெல்லாம் மேசையில் அப்படியே இருக்கிறது. மெஷின் வந்ததிலிருந்து பார்க்க வருகிற கூட்டம் தாங்கவில்லை. ஆட்டையாம்பட்டியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து கால் மணி நேரம் நின்று பார்த்தார். சரி, கலெக்டர் ஆபீஸ் இல்லை, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர். ஆனால் நின்று பார்த்தது நிஜம். டீ வைத்தேன். அடுத்த வீட்டு ரீடிங் இருக்கிறது என்று போய்விட்டார். இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை மெஷின் எழுந்ததும், இதைப் பயன்படுத்துகிறவர் பெயர் என்ன என்று கேட்டது. நாஸியா கடைவாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நமக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடி "சாமி" என்று தட்டிவிட்டேன். உன்னை நான் வேறு எப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்? அவள் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, கம்ப்யூட்டருக்குக் கடவுள் பேரா வெச்சிருக்கீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெயரை மாற்றப் போனால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டி வருமாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உள்ளே போனால் ஒரு குட்டி வீட்டுப் படம் போட்டு, பக்கத்தில் "சாமி" என்று எழுதியிருக்கும். அது உனக்கு உரிய இடம். படத்துக்கு ஓர் அறை, பாட்டுக்கு ஓர் அறை என்று வரிசையாக இருக்கிறது. எல்லாம் காலி. நான் ஒன்றையும் தொடவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இந்த மெஷின் தூங்கினால் திரும்ப எழுந்திருக்காது. நாஸியா எதையெதையோ மாற்றிப் பார்த்தாள், அது மட்டும் சரியாகவில்லை. "தூங்க விட்றாதீங்க மாமா, அவ்வளவுதான்" என்றாள். தூங்கவே தூங்காதபடி ஒரு செட்டிங் இருக்கிறது, வைத்துத் தரட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் மவுஸைக் கொஞ்சம் அசைத்துவிட்டு வருகிறேன். காலையில் போட்டால் சாயங்காலம் அணைக்கிற வரைக்கும் அந்த வேலை எனக்கு இருக்கிறது. அடுப்பில் சோறு வைத்தாலும் நடுவில் ஒரு எட்டு எழுந்து போக வேண்டும். வீட்டில் ஒரு ஆளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

கை வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

*

ஐப்பசி 19, புதன்கிழமை.

நாளைக்கு என்றவன் இரண்டு நாள் கழித்து உட்காருகிறேன். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். விழித்தால் மணி நாலு. மெஷினும் தூங்கிப்போயிருந்தது. மவுஸை அசைத்தேன். கீபோர்டைத் தட்டினேன். கண்ணாடி கறுப்பாகக் கிடந்தது, அதில் என் முகம்தான் தெரிந்தது. காத்தாடி மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. ரிக் வண்டி பாறையில் மாட்டியபோதுகூட யாரையும் உதவிக்குக் கூப்பிடாதவன் நான்.

நாஸியாவுக்குப் போன் போட்டேன். "பயப்படாதீங்க மாமா. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு பத்து எண்ணுங்க. அணைஞ்சதும் விட்டுட்டுத் திரும்ப ஒரு தடவை அழுத்துங்க" என்றாள். நம் வழக்கப்படி, நெல் அளக்கிற மாதிரி, "லாபம், ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினேன். ஒன்று என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பத்தில் காத்தாடி நின்றது. வீடு முழுக்க ஒரே அமைதி. திரும்ப அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் டங் என்றது. வந்துவிட்டது சாமி. வீட்டுப் படமும் உன் பெயரும் அப்படியே இருந்தன.

போனை வைப்பதற்கு முன்னால் நாஸியா ஒன்று கேட்டாள். ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்தாள் போல. "கோவிச்சுக்காதீங்க மாமா. கம்பெனி மெஷினையே நாடு தாண்டிக் கொண்டுவரக் கூடாதுன்னு சொல்றவங்க, நாம கோத்த இந்தப் பொட்டியில அவங்க வேலையைச் செய்ய விடுவாங்களா?" என்றாள். "அதெல்லாம் என்ற மாப்பிள்ளை பேசிக்குவான். அவன் அங்க பெரிய ஆளு, அவனைக் கேட்டுத்தான் ஆபீஸே தொறப்பாங்க" என்றேன். சரிங்க மாமா என்று போனை வைத்துவிட்டாள்.

எட்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும், அது எனக்கும் முதல் நாளே தோன்றியதுதான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோதே தோன்றியது. தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டு ஸ்குரூ முடுக்கினேன். இந்த மெஷினில் உன் வேலை ஓடாவிட்டால் பரவாயில்லை. நீ வேலை செய்யாமல் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வருஷம் வருகிற புது சிஸ்டம் இந்தப் பெட்டியில் ஏறவே ஏறாதாம். இருக்கிறதை வைத்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்கிறாள். ஓடுகிறபோதே ஒரு தடவை நீ வந்து பார்த்துவிட்டால், செய்ததற்கு அர்த்தம் இருக்கும்.

இன்னொரு சின்ன சமாசாரம். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கிளினிக் டாக்டர் என் நெஞ்சுக்குள் மூன்று இடத்தில் அடைப்பு என்கிறார். திறந்து சரிசெய்ய வேண்டுமாம். இஞ்சின் வேலை மாதிரித்தான், ஒன்றும் இல்லை. கார்த்திகை பத்தாம் தேதி, புதன்கிழமை, சேலத்தில். முழுக்க மயக்கம் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள், நமக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். உடன் இருப்பவர் பெயர் என்று ஒரு கோடு போட்டிருந்தது. உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதிவிட்டேன். எழுதின பிறகு அடிக்க மனசு வரவில்லை. அந்த நர்ஸம்மா, எப்போது வருவார் என்று கேட்டது. கிளம்பிவிட்டான், வழியில் இருக்கிறான் என்று சொன்னேன். நான் சொல்கிற மற்ற கதைகளோடு அதுவும் ஒன்றாக இருக்கட்டும். நடந்தால் நடந்தது, இல்லாவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள் போஸ்ட் ஆபீஸில். கணக்குப் பார்த்தால் நேரம் இருக்கிறது.

மெஷினின் பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று நாஸியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நீ வந்து கேள், காதில் சொல்கிறேன். நீ வருகிற நேரத்தில் நான் வீட்டில் இல்லாவிட்டால் அவளிடம் கேள், ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து வைத்திருக்கிறேன். தூங்காதபடி வைக்கிற அந்த செட்டிங்கையும் வந்து போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். மவுஸை அசைக்க ஆள் இருக்காது அல்லவா, அதற்காக.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கு, காலையில் நல்லபடியாக எழுந்திரு. உனக்கு நான் வேண்டிக்கொள்வது இது ஒன்றுதான். எனக்காக நீயும் அதையே வேண்டிக்கொள், சாமி.

உன் வரவை எதிர்பார்க்கும்
மாமன்
சென்னியப்பன்