மாதிரி 213

நாள் 112 – 09:10
செவ்வாயைச் சுற்றித் திரும்பும் ‘பரவை’ ஆய்வுக்கலம். நோயியல் மருத்துவர் ஜெசிந்தா பர்னாந்து. கலத்தில் நான் ஒருத்திதான். மார்புப் புற்று கண்ட 212 பெண்களின் திசு மாதிரிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. இன்று பதினெட்டுக்குச் சாயமேற்றினேன். புற்றுச் செல்லைவிட, அதைச் சூழ்ந்த நார்த்திசுவைத்தான் பார்க்கிறேன். அங்கே ஒரு புரதம் மிகுந்தால் சாயம் அடர்பழுப்பாகும். அப்படியானவர்களில் பலருக்கு நோய் பரவிவிட்டது. காற்று, மின்சாரம், குளிரூட்டி சரி.

நாள் 131 – 07:40
உடம்பு துடைக்கையில் இடது மார்பில் ஒரு கட்டி. பட்டாணி அளவு. வலியில்லை. மரத்துப்போக ஊசி போட்டு நானே திசு எடுத்தேன். இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று.

நாள் 133 – 16:05
புற்றுதான்; செல்கள் மட்டும் சாதுவானவை. மெதுவாக வளரும் முதல் தரம். ஆனால் சுற்றியுள்ள நார்த்திசு முழுக்க அடர்பழுப்பு. ஸ்லைடு மாறியிருக்கும் என்று மறுபடி சாயமேற்றினேன். மாறவில்லை. மாதிரி 213 என்று பதிந்தேன்.

நாள் 134 – 11:20
சென்னையிலிருந்து, இந்த ஆய்வின் தலைவர் டாக்டர் வைரவன்: “செல்லு நல்லாத்தானே இருக்கு? மாத்திரைய ஆரம்பிங்க. அந்தப் புரதக் கணக்க இன்னும் யாரும் ஒத்துக்கல மேடம்.”
கலத்தை இடையில் திருப்ப வழியில்லை. பூமிக்கு இன்னும் பதினான்கு மாதம்.

நாள் 219 – 08:00
மாத்திரைக்கு அடங்கவில்லை. கட்டி இப்போது 31 மில்லிமீட்டர். அக்குளிலும் இரண்டு.
தூத்துக்குடியிலிருந்து தங்கை பிலோமி: “யக்கா, எனக்கும் சின்னதா ஒண்ணு தட்டுப்படுது. திசு எடுத்துப் பாத்துட்டு, சாதுவான கட்டிதான், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாவ. நீ பயப்படாத.”
கத்தினேன். கேட்க யாருமில்லை.

நாள் 219 – 08:50
வைரவனுக்கு அனுப்பியது: “தங்கச்சியோட திசுவ தூத்துக்குடியிலேருந்து வரவழைச்சு அந்தச் சாயத்தப் போட்டுப் பாருங்க சார். எனக்கும் சாதுன்னுதான் சொன்னீங்க.”

நாள் 220 – 13:30
வைரவன்: “உங்க ஒருத்தர் கேஸ வச்சு எப்படி மேடம்? ஆய்வுக் கமிட்டி ஆதாரம் கேக்கும்.”
சரி. கமிட்டிக்கு என் உடம்பைக் காட்டுகிறேன். வாரம் ஒரு அறிக்கை: கட்டியின் அளவு, புது ஸ்லைடு, படம்.

நாள் 287 – 06:15
மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து தீர்ந்துவிட்டது. துண்டைக் கடித்துக்கொண்டு அப்படியே குத்தி எடுத்தேன். பத்தாவது அறிக்கை போயிற்று. பதிலில்லை.

நாள் 341 – நேரம் பார்க்கவில்லை
இருமல். நுரையீரலில் நீர். எழுத்து தப்புகிறது. பிலோமிக்கு இரண்டு பிள்ளைகள். வைரவன் சார், ஒரே ஒரு ஸ்லைடு. கெஞ்சுகிறேன். ஒரே ஒரு

நாள் 352 – 10:05
பிலோமி: “யக்கா, ஒன் அறிக்கையெல்லாம் பாத்துட்டு என் திசுவுக்கு அந்தச் சாயம் போட்டுப் பாத்துட்டாவ. அடர்பழுப்பாம். வைரவன் டாக்டரே போன் பண்ணி அழுதாரு. நாளைக்கு ஆப்பரேஷன். வேற எங்கயும் பரவலயாம், நல்ல நேரத்துல பாத்தாச்சுன்னு சொல்லுதாவ. ஒரு வார்த்த பேசுக்கா. ஒன் கொரல கேட்டுட்டு உள்ள போறேன்.”

நாள் 352
மூன்று முறை குரலைப் பதிவு செய்தேன். மூச்சிரைப்புதான் கேட்கிறது. அதை அவள் கேட்கக் கூடாது. அழித்துவிட்டேன். எழுத்தாக அனுப்புகிறேன்.
பிலோமி, தைரியமா உள்ள போ. எனக்கு இங்க ஒண்ணுமில்ல. நான் நல்லா