பன்னிரண்டாவது நட்சத்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று எங்கள் எம்பிராய்டரி கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். விமானப்படைப் பிரிவுகளின் துணி பேட்ஜ்களைச் சேகரிப்பவர். ஓரம் பிரிந்த பழைய பேட்ஜ் ஒன்றைத் தைக்கக் கொடுத்தார். அதில் ஒரு பருந்து. கீழே கையால் தைத்த பதினோரு சின்ன நட்சத்திரங்கள். பன்னிரண்டாவது பாதியில் நின்றிருந்தது. யாரோ சோம்பலில் விட்டது என்று நினைத்து அதே நிற நூலைக் கோத்துவிட்டேன்.

"அதைத் தொடாதேம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்தைத் தவிர எதையும் இவ பாதியில விடமாட்டா மேடம்," என்றார் முதலாளி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் காரணத்தைச் சொன்னார்:

"தான் பராமரிச்ச விமானம் பத்திரமா திரும்பினா இந்த மெக்கானிக் தன் பேட்ஜ்ல ஒரு நட்சத்திரம் தைப்பாராம். ஒருநாள் விமானச் சத்தம் கேட்டதும் இதைத் தைக்க ஆரம்பிச்சிட்டார். வந்தது வேற விமானம். அவரோடது வரவே இல்ல."

மூன்றே தையல், அம்மா. என் நகத்தைவிடச் சின்னது. இத்தனை வருடமாக அவர் அதில் காத்துக்கொண்டே இருக்கிறார். மூச்சைக்கூட மெதுவாக விட்டுத்தான் ஓரத்தைத் தைத்தேன்.

சித்தப்பா வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். தலையணை உறையில் நான் பாதி போட்ட பூவை மட்டும் நீங்கள் முடித்துவிடாதீர்கள். ஊசி அதிலேயே இருக்கட்டும். நான் வந்து முடிக்கிறேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்